இடுப்புக்குள் என்ன ஓடுகிறது? கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இடுப்புக்குள் இருக்கிற ரத்தக்குழாய், நரம்பு, நிணநீர் பற்றி நம் பக்கத்துக்காரர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணாச்சி, அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுக்கிறார்கள். கையெழுத்து வாங்கும்போது, சிறுநீர்க்குழாயில் காயம் படலாம் என்றார்கள். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? (சேரன்மகாதேவி)

இரண்டும் ஒட்டித்தான் போகின்றன, தாயி. சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு இறங்கும் குழாய், கர்ப்பப்பைக்குப் போகும் தமனிக்கு அடியில் நுழைந்து போகிறது. கர்ப்பப்பை வாயிலிருந்து சுமார் 2 செ.மீ. தூரம்தான். சுலோச்சன முதலியார் பாலத்துக்கு அடியில் தாமிரபரணி போகிறதே, அப்படி. கர்ப்பப்பையை எடுக்க அந்தப் பாலத்தை, அதாவது தமனியை, நூலால் முடிச்சுப் போட்டு வெட்டித்தான் ஆக வேண்டும். கட்டி பெரிதாக இருந்தாலோ, பழைய ஆபரேஷனால் உள்ளே ஒட்டியிருந்தாலோ குழாய் இடம் மாறிக் கிடக்கும். காயம் படுவது அரிது, ஆனால் முன்கூட்டிச் சொன்னது நல்ல டாக்டரின் அடையாளம். ஆபரேஷனுக்குப் பிறகு விலா வலி, காய்ச்சல், தன்னையறியாமல் நீர் கசிவது, இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள்.

பீடி சுற்றுகிறேன். ஒரு தொடையின் வெளிப்பக்கம் மட்டும் எரிகிறது, மரத்துப்போகிறது. நடை நன்றாக இருக்கிறது. (முக்கூடல்)

இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பக்கத்தில் ஒரு நரம்பு தொடைக்கு இறங்குகிறது. அதற்குத் தோல் உணர்வு மட்டும்தான் வேலை, தசையை அது அசைப்பதில்லை. அதனால்தான் நடை கெடவில்லை. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டினாலே அது நசுங்கும். தளர்த்திக் கட்டிப் பாருங்கள், சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பிறப்புறுப்பு, மலவாய்ப் பக்கம் மரத்து, நீர் பிரியாமல் போனால் அது வேறு கதை. தண்டுவடத்தின் அடிநரம்புகள் நசுங்குகின்றன என்று பொருள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டாக்டர் சார், எனக்கு 24 வயது. விதையில் வலியில்லாத கட்டி. கவட்டையில் நெறி எதுவும் கட்டவில்லை. அப்புறம் ஏன் வயிற்றுக்கு ஸ்கேன்? (சங்கரன்கோவில்)

வெட்கப்படாமல் கேட்டாயே தம்பி, சந்தோஷம். மறைத்து வைத்து முற்றவிட்ட பையன்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

தாயின் வயிற்றில் நீ இருந்தபோது உன் விதைகள் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில்தான் உருவாயின. பிறகுதான் கீழே இறங்கின. இறங்கும்போது தமனி, சிரை, நிணநீர்க்குழாய் எல்லாவற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்தன. அதனால் விதையின் நிணநீர் இன்றும் பிறந்த வீட்டுக்கே வடிகிறது, அதாவது வயிற்றின் பின்சுவரில், மகாதமனியை ஒட்டிய நிணநீர் முடிச்சுகளுக்கு (இவை வீங்குவதைத்தான் நெறி கட்டுவது என்கிறோம்). விதைப்பையின் தோல் மட்டும் அந்த இடத்துத் தோல். அதன் வடிகால்தான் கவட்டைக்குப் போகிறது. ஆகவே கவட்டையில் நெறி இல்லை என்பதை வைத்து நிம்மதியாகிவிட முடியாது. பைத்தோல் வழியாக ஊசி போட்டுச் சதை எடுக்காததற்கும் இதுவே காரணம்: ஒரு வடிகாலில் இருந்த நோயை இன்னொன்றில் கலந்துவிடக் கூடாது. பெண்களின் சினைப்பைக்கும் இதே பிறந்த வீடு, இதே வடிகால்.

கட்டி எல்லாமே புற்றுநோய் இல்லை. அதுவாகவே இருந்தாலும், நன்றாகக் குணமாகும் புற்றுநோய்களில் இது ஒன்று. ஸ்கேனைத் தள்ளிப்போடாதே.

மகள் எட்டு மாதக் கர்ப்பிணி. இடது கால் மட்டும் திடீரென்று வீங்கி வலிக்கிறது. (கடையம்)

இடுப்புக்குள் இடதுபக்கச் சிரையின் மேல் வலதுபக்கத் தமனி குறுக்கே ஏறிப் போகிறது. போதாததற்குக் கர்ப்பப்பையின் பாரம். ரத்தம் தேங்கி உறைந்திருக்கலாம். எண்ணெய் போட்டு நீவவே கூடாது, கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனை இன்றே எடுங்கள்.

நாலுவழிச்சாலையில் அடிபட்டவர்களைத் தூக்கிவிடுகிறோம். இடுப்பு நொறுங்கியிருந்தால், வெளியே ரத்தமே தெரியாமல் செத்துப்போகிறார்களே, ஏன்? (வள்ளியூர்)

இடுப்பெலும்புக்குள் பின்சுவரை ஒட்டிச் சிரைகள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. எலும்பு உடைந்தால் அவை கிழிந்து, லிட்டர் கணக்கில் உள்ளேயே கொட்டும். உடைந்த கூடு விரிய விரிய, ரத்தம் நிற்க இடமும் கூடுகிறது. 108-க்குச் சொல்லிவிட்டு, ஒரு சாரத்தையோ போர்வையையோ அகலமாக மடித்து இறுக்கிக் கட்டுங்கள். வயிற்றில் இல்லை, இடுப்பிலும் இல்லை. தொடை தொடங்கும் இடத்தில், இரண்டு பக்கமும் கைக்குத் தட்டுப்படுகிற எலும்புப் புடைப்பின் மேல். உடைந்திருக்கிறதா என்று இடுப்பை அசைத்துப் பார்க்க வேண்டாம். உட்கார வைக்கவும் வேண்டாம்.