ஜென்டாமைசின் ஊசியால் காது கேட்காமல் போவதைத் தடுக்க முடியுமா?

ஓரளவு முடியும். ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் மூன்றும் பாக்டீரியா தொற்றுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்துகள், ஒரே குடும்பம். உட்செவியில் ஒலியை நரம்புச் சைகையாக மாற்றுபவை மயிர்ச் செல்கள். ஒவ்வொரு செல்லின் உச்சியிலும் நுண்ணிய இழைகள் வரிசையாக நிற்கும். ஒலி வந்து அவற்றைச் சாய்க்கும்போது இழை நுனியில் ஒரு வாசல் திறக்கும். மருந்தும் அதே வாசல் வழியாக உள்ளே போய்விடுகிறது. போனது எளிதில் வெளியேறாது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுத்து செல்லையே கொன்றுவிடும். செத்த செல் மனிதர்களுக்கு மறுபடி முளைக்காது, பறவைகளுக்கு முளைக்கும்!

அந்த வாசலை அடைக்கும் மருந்துகளை ஆராய்ந்து வருகிறார்கள். இன்னொரு முயற்சியாக, சீனாவில் ஜென்டாமைசினோடு ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006இல் வெளியானது. ஆஸ்பிரின் எடுக்காதவர்களில் 13 சதவீதம் பேருக்குக் கேட்புக் குறைவு வந்தது, எடுத்தவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. அதற்காக நீங்களாகவே ஆஸ்பிரின் போடாதீர்கள், ரத்தக்கசிவு வரலாம்.

இப்போதைக்குக் கைகொடுப்பது கண்காணிப்புதான். ரத்தத்தில் மருந்தின் அளவையும் சிறுநீரகத்தையும் பரிசோதிக்க வேண்டும். சிறுநீரை அதிகம் போக வைக்கும் ஃபுரோசமைடு மருந்தும் சேர்ந்தால் ஆபத்து கூடும். முதலில் போவது கீச்சென்ற உயர் ஒலிகள், பேச்சு அப்போதும் நன்றாகவே கேட்கும். அதனால் உயர் அதிர்வெண் கேட்புச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், தாய்வழி உறவினர் யாருக்காவது இந்த ஊசியால் காது போயிருந்தால் முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தாய்வழி வரும் ஒரு மரபணு மாற்றம் இருந்தால் சிறிய அளவு மருந்தே காதைப் பறித்துவிடும்.