முக்காட்டின் சிவப்பு எங்கே போனது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிவப்பு முக்காட்டுச் சிறுமியின் கதையை மறுஆக்கம் செய்து நீங்கள் எழுதிய சித்திரக்கதையை ஒரே இரவில் படித்து முடித்தேன். முடித்தபின் தூக்கம் வரவில்லை என்பதைப் பாராட்டாகச் சொல்வதா, புகாராகச் சொல்வதா என்று எனக்கே தெரியவில்லை. குழந்தைகளுக்கான ஒரு கதையை இத்தனை இருட்டாக்கியிருக்க வேண்டுமா? கடைசியில் வந்து காப்பாற்றும் வேடனை ஏன் நீக்கினீர்கள்? சிறுமி தன் பாட்டியின் ரத்தத்தை அறியாமல் குடிக்கும் பக்கத்தில் நூலை மூடிவைத்துவிட்டேன். கட்டிலின் விளிம்பில் தொங்கும் பாட்டியின் கை இரண்டு நாட்களாகக் கண்ணைவிட்டு அகலவில்லை.

ஆனால் இவ்வளவு துணிந்த நீங்கள் கொலையை மட்டும் காட்டாமல் ஒளித்துவிட்டதாகவும் தோன்றுகிறது. கதவு திறக்கிறது, அடுத்த படக்கட்டத்தில் அலமாரி மூடுகிறது, அவ்வளவுதான். ஓநாய் ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கும் ஒரு பக்கம்கூட இல்லை. முழு நூலும் கறுப்பு வெள்ளையில் இருப்பதால் முக்காட்டின் சிவப்பையும் பார்க்க முடியவில்லை. விளக்குவீர்களா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கதையை அளவுக்கு மீறி இருட்டாக்கிவிட்டேன் என்று தொடங்கி, கொலையைக் காட்டாமல் ஒளித்துவிட்டேன் என்று முடிக்கிறீர்கள். இந்த இரண்டு குறைகளும் ஒருவருக்கே ஒரே இரவில் தோன்றியிருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் வேடன். ஓநாயின் வயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சிறுமியையும் பாட்டியையும் உயிரோடு வெளியே எடுக்கும் அந்த வேடன், 1812இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட தொகுப்பின் வழியாகத்தான் நம் எல்லோருக்கும் அறிமுகமானான். அதற்கு 115 ஆண்டுகளுக்கு முன்பே, 1697இல், பாரிசில் பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ இதே கதையை அச்சிட்டிருக்கிறார். அவருடைய கதையில் ஓநாய் பாட்டியைத் தின்கிறது, சிறுமியைப் படுக்கைக்கு அழைக்கிறது, அவளையும் தின்கிறது. அத்துடன் கதை முடிந்துவிடுகிறது. அதன்பின் செய்யுளில் ஒரு நீதி வருகிறது. பணிவாகவும் இனிமையாகவும் பேசிக்கொண்டு இளம்பெண்களின் பின்னால் வரும் ஓநாய்களே எல்லாவற்றிலும் ஆபத்தானவை என்கிறார். சொல்லப்படுவது ஏழு வயதுக் குழந்தைக்கு அல்ல என்பது அந்த வரிகளைப் படித்தாலே விளங்கும்.

நான் எடுத்துக்கொண்டது இந்த இரண்டையும் அல்ல. பிரான்சின் நியேவ்ர் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அஷீல் மிலியேன் என்ற சேகரிப்பாளர் வாய்மொழியாகக் கேட்டு எழுதிய வடிவம் ஒன்று இருக்கிறது. அதில் வருவது ஓநாய் மனிதன். கவட்டுப் பாதையில் நின்றுகொண்டு, தையலூசிப் பாதையில் போகிறாயா, குண்டூசிப் பாதையில் போகிறாயா என்று கேட்கிறான். பாட்டியைக் கொன்று, இறைச்சியை அலமாரியிலும் ரத்தத்தை ஒரு புட்டியிலும் வைத்துவிட்டு, வந்து சேரும் சிறுமியை உண்ணவும் பருகவும் சொல்கிறான். மூலையிலிருக்கும் பூனை அவள் செய்வது இன்னதென்று சொல்லி அவளை ஏசுகிறது. பிறகு ஆடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நெருப்பில் போடச் சொல்கிறான். படுக்கையில் அவன் யாரென்று தெரிந்ததும், சிறுநீர் கழிக்க வெளியே போகவேண்டும் என்று அவள் சொல்கிறாள். அவன் காலில் கயிறு கட்டி அனுப்புகிறான். அவள் அதை அவிழ்த்து முற்றத்துப் பிளம் மரத்தில் கட்டிவிட்டு வீடு வரை ஓடித் தப்பிக்கிறாள். வேடனை நான் நீக்கவில்லை, அந்தக் கதையில் அவன் பிறக்கவே இல்லை. எழுதப்பட்டது பிந்தி என்றாலும், அந்த வாய்மொழிக் கதை பெரோவுக்கும் முந்தையது என்று பலர் கருதுகிறார்கள். அப்படிப் பார்த்தால், தன் புத்தியால் தப்பித்த ஒரு பெண்ணை, பெரோ ஓநாய்க்கு இரையாக்கினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்தவர்கள், இரையானவளை மீட்க ஓர் ஆணைத் துப்பாக்கியோடு அனுப்பிவைத்தார்கள். அவளை மறுபடி அந்த மரத்தடிக்குக் கொண்டுபோவதுதான் என் நோக்கமாக இருந்தது.

ஆனால் மூலத்திலேயே இருக்கிறது என்பது, இருண்ட மறுஆக்கம் செய்கிற எல்லோரும் சொல்கிற சாக்கு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாய்மொழிக் கதையில் அவள் ரத்தத்தைக் குடிப்பது ஒரு வாக்கியம். சொல்பவர் அங்கே நிற்பதில்லை, கேட்பவர் வாந்தி எடுப்பதில்லை. தேவதைக் கதையின் மாந்தருக்கு உடலும் இல்லை, உள்ளாழமும் இல்லை, அவர்கள் காகிதத்தில் வெட்டியெடுத்த உருவங்களைப் போலத் தட்டையானவர்கள் என்று சுவிட்சர்லாந்து அறிஞர் மாக்ஸ் லூத்தி விரிவாகவே எழுதியிருக்கிறார். அதே வாக்கியத்தை ஓவியர் வரைந்த மறுகணம் அங்கே ஓர் உதடும் தொண்டையும் மேசைமேல் சிந்திய துளியும் வந்துவிடுகின்றன. என் முதல் பிரதியில் அந்தக் காட்சிக்கு ஆறு கட்டங்கள் ஒதுக்கியிருந்தேன். பென்சில் வரைவு வந்தபோது பார்த்தால், நாங்கள் கதை சொல்லவில்லை, கசாப்புக் கடையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து கட்டங்களை அடித்துவிட்டேன். இப்போது இருப்பது ஒன்றுதான்: மேலிருந்து பார்த்த கோப்பை, அதனுள் ஒரு கறுப்பு வட்டம், விளிம்பைப் பிடித்திருக்கும் இரண்டு கட்டைவிரல்கள். பூனையின் பேச்சுக் குமிழையும் வெறுமையாக விட்டோம். நீங்கள் நூலை மூடியது அந்தப் பக்கத்தில்தான்.

ஓநாயின் முன்கதையைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. தீயவனுக்குச் சிறுவயதில் ஒரு காயத்தைக் கொடுத்துவிட்டால் ஆழம் வந்துவிடும் என்ற நம்பிக்கை இன்றைய சித்திரக்கதைகளில் மிகுந்துவிட்டது. காரணம் தெரிந்த ஓநாய் நோயாளியாகிவிடுகிறது, நமக்கு அதன்மேல் பரிவு வருகிறதே தவிர அச்சம் வருவதில்லை. பெரோவின் ஓநாய்க்கும் ஒரு காரணம் உண்டு. அது சாப்பிட்டு மூன்று நாட்களுக்கு மேலாகிவிட்டது. முன்கதை என்று அதைவிட அதிகமாக எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

சிவப்பைக் கேட்டிருந்தீர்கள். முழுப் பக்கமும் கறுப்பு வெள்ளை, முக்காடு மட்டும் சிவப்பு என்பது இந்தக் கதையைக் கையில் எடுக்கிற எவருக்கும் முதல் ஐந்து நிமிடங்களில் தோன்றிவிடும், எங்களுக்கும் தோன்றியது. எளிதாக வந்தது என்பதாலேயே அதைச் சந்தேகித்தோம். நான் சொன்ன வாய்மொழி வடிவத்தில் சிவப்பு முக்காடே கிடையாது, அது பெரோவின் ஏட்டில் வருவது. கிரிம் சகோதரர்களிடம் அதுவே சிவப்பு வெல்வெட் குல்லாயாக மாறிவிட்டது. தவிர, குஸ்தாவ் தோரே பெரோவின் கதைகளுக்கு 1862 பதிப்பில் வரைந்த படங்கள் மரச்செதுக்கு அச்சில் வந்தவை, அவற்றிலும் சிவப்பு இல்லை. பாட்டியின் தொப்பியை அணிந்த ஓநாயும் சிறுமியும் ஒரே படுக்கையில் இருக்கும் படத்தைப் பாருங்கள். போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவள் கண்ணை மட்டும் பக்கவாட்டில் திருப்புகிறாள். ஒரு துளி ரத்தம் இல்லை, பல் தெரியவில்லை, ஆனாலும் அந்தப் படத்தைத் தாண்டிப் போவது கடினம்.

இனி, காட்டப்படாத கொலைக்கு வருகிறேன். சித்திரக்கதையின் இயக்கத்தைச் சித்திரக்கதை வடிவிலேயே விளக்கி அமெரிக்கச் சித்திரக்கதைக் கலைஞர் ஸ்காட் மெக்லவுட் 1993இல் எழுதிய நூலில் ஓர் எடுத்துக்காட்டு வரும். முதல் கட்டத்தில் ஒருவன் கோடாரியை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் இரவு நகரமும் ஓர் அலறலும் மட்டுமே. கோடாரி எவ்வளவு பலமாக விழுந்தது, அலறியது யார் என்பதையெல்லாம் இரண்டு கட்டங்களுக்கும் நடுவிலுள்ள வெள்ளைக் கோட்டில் வாசகரே முடிவு செய்துகொள்கிறார் என்கிறார் அவர். திரைப்படத்திலும் வெட்டு உண்டு, ஆனால் அது நமக்குக் காத்திருப்பதில்லை. இங்கே அந்தக் கோட்டில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது உங்கள் விருப்பம். இரவில் தனியாகப் படிப்பவர் நெடுநேரம் நின்றுவிடுகிறார்.

கட்டிலின் விளிம்பில் தொங்கும் பாட்டியின் கையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தை ஓவியரிடம் காட்டினேன். அவர் மூலப் படிகள் எல்லாவற்றையும் எடுத்து மேசைமேல் பரப்பிவைத்துத் தேடினார். அந்தக் கை எந்தப் பக்கத்திலும் இல்லை. கதவுக்கும் அலமாரிக்கும் இடையில் வேறு கட்டமே கிடையாது. கட்டில் முதன்முதலாக வரையப்படுவது அதற்குப் 11 பக்கங்கள் கழித்து, அப்போது அதில் படுத்திருப்பது ஓநாய். பாட்டி மாண்டது கட்டிலில் என்றுகூட நாங்கள் எங்கும் சொல்லவில்லை.

வலது கையா, இடது கையா என்று ஓவியர் கேட்கச் சொன்னார். நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.