லேப்டாப் ரேமை நானே மாற்றலாமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டிலேயே சீப்புச் சீடை, மாவுருண்டை செய்து வெளியூருக்கு அனுப்புகிறேன். கணக்கெல்லாம் டாலியில். லேப்டாப் வாங்கி ஆறேழு வருடம் ஆகிறது, 4 ஜிபி ரேம். டாலியோடு குரோமையும் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. 8 ஜிபி ரேம் வாங்கி நானே போடலாமா?"

தாராளமாகப் போடலாம். மாட்டுவது பெரிய வேலையில்லை. ஆட்கள் கோட்டை விடுவது வாங்கும்போதுதான். காரைக்குடியில் என் மேசைக்கு எத்தனையோ பேர் தப்பான ரேமோடு வந்து நின்றிருக்கிறார்கள்.

முதலில் டாலி, குரோம் இரண்டையும் திறந்துவைத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் மெமரியைப் பாருங்கள். 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறதா? ரேம் போதவில்லை. மெமரியில் இடம் இருந்தும் டிஸ்க் 100-இல் நின்றால் ரேம் வாங்காதீர்கள், ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (அதைவிட வேகமான டிஸ்க்) போடுங்கள். அதே பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2' என்றிருந்தால் ஓர் இடம் காலி. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருக்கிறார்கள். தனி ஸ்லாட் உண்டா என்று மாடல் எண்ணை வைத்துத் தேடிய பிறகே மேலே யோசியுங்கள்.

அடிமூடியைக் கழற்றும் முன் வீட்டுப் பல்லாங்குழியை எடுத்து வையுங்கள். விளையாட்டில்லை! திருகுகள் ஒரே நீளத்தில் இருக்காது. எந்த மூலையில் கழற்றியதோ அதற்கேற்ற குழியில் போட்டு வையுங்கள். தொழில் பழகிய புதிதில் குட்டைத் திருகின் இடத்தில் நீளத் திருகை முறுக்கி, கீபோர்டு பக்கம் ஒரு கொப்புளம் கிளப்பியவன் நான். ஆத்தங்குடித் தரையில் உருண்டோடிய திருகைத் தேடுவதும் தனிக் கொடுமை, பூவேலைக்குள் கண்ணுக்கே படாது.

ஷட் டவுன் செய்து, சார்ஜரை உருவி, உள்ளே பேட்டரி ஒயரையும் கழற்றிவிடுங்கள். எண்ணெய்க் கையைக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். லேப்டாப்புக்குள் தெரியும் வெறும் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு ரேமைத் தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் சிப்பைக் கொன்றுவிடும். பழைய ரேமின் லேபிளில் பிசி4 என்றிருந்தால் அது டிடிஆர்4 வகை, பிசி3எல் என்றால் டிடிஆர்3எல் வகை. இதைப் படித்துவிட்டுத்தான் ஆர்டர் போட வேண்டும். டிடிஆர்3-க்கு 204 பின் (தங்க நிறப் பற்கள்), டிடிஆர்4-க்கு 260. ரேமின் விளிம்பில் வெட்டு இருக்கும் இடமும் வேறு, ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. பழைய ரேமுக்கும் புதியதற்கும் வேகம் முன்பின் இருந்தால் பரவாயில்லை, இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும்.

வெட்டைப் பொருத்திச் சாய்வாகச் செருகி, தங்க நிறப் பற்கள் உள்ளே போனதும் கீழே அழுத்துங்கள். இரு பக்கக் கொக்கியும் 'டக்' என்று பிடிக்க வேண்டும். பேட்டரி ஒயரை மாட்டி, திருகு போடாமல் மூடியை மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். முதல் தடவை திரை சற்று நேரம் கறுப்பாகவே நிற்கலாம், பதற வேண்டாம். இரண்டு மூன்று நிமிடமாகியும் வராவிட்டால் அணைத்து, பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு, ரேமைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். டாஸ்க் மேனேஜர் பழைய 4-ஐயும் புதிய 8-ஐயும் சேர்த்து 12 ஜிபி காட்டினால், விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி 'எம்டிஷெட்' (எம், டி, எஸ், சி, எச், ஈ, டி) அடித்து மெமரிச் சோதனையையும் ஓட்டிவிடுங்கள். அதிலும் குறையில்லை என்றால் திருகுகளை அதனதன் குழியிலிருந்து எடுத்துப் பூட்டுங்கள்.