எந்த மேற்கு?

வணக்கம் ஐயா,

முதல் உலகப் போரில் அரபுகள் துருக்கியருக்கு எதிராக எழுந்தது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று புகழ்பெற்ற பிரிட்டிஷ் அதிகாரியின் பெயர் இரண்டே இடத்தில்தான் வருகிறது. அந்தக் கிளர்ச்சியை உருவாக்கியதே அவர்தான் என்றுதானே இத்தனை நாளும் கேள்விப்பட்டேன்? இன்னொன்று, பிரிட்டன் அரபுகளை ஏமாற்றியது என்கிறீர்கள். தங்கம் வாங்கிக்கொண்டு சண்டை போட்டவர்களை ஏமாந்தவர்கள் என்று எப்படிச் சொல்வது?

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

மக்கா, மதீனா இருக்கும் ஹிஜாஸ் மண்ணில் லாரன்ஸ் முதலில் கால் வைத்தது 1916 அக்டோபரில். நபி வழிவந்தவராக மக்காவை ஆண்ட ஷரீஃப் ஹுசைன் தன் மாளிகை ஜன்னலிலிருந்து துப்பாக்கியால் சுட்டுக் கிளர்ச்சியைத் தொடங்கிவைத்தது அதே வருடம் ஜூன் 10. பேரம் அதற்கும் முன்பே முடிந்துவிட்டது. 1915 ஜூலை முதல் 1916 மார்ச் வரை பத்துக் கடிதங்கள், ஆளுக்கு ஐந்து. ஒரு பக்கம் ஹுசைன், மறுபக்கம் எகிப்தின் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஹென்றி மக்மஹோன். நமக்குத் தெரிந்த பெயர்தான். இந்திய-சீன எல்லையில் ஒரு கோடு இருக்கிறதே, அந்தக் கோட்டுக்குப் பெயர் கொடுத்தவரேதான். லாரன்ஸின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கதையின் உயிர் பாலைவனத்தில் இல்லை, கடிதங்களில் இருக்கிறது.

ஹுசைன் ஏன் அவர்களுக்குத் தேவைப்பட்டார்? 1914 நவம்பரில் துருக்கி சுல்தான், கலீஃபா என்ற முறையில் ஜிஹாத் அறிவித்திருந்தார். இந்திய முஸ்லிம்கள் என்ன செய்வார்களோ என்ற பயம் பிரிட்டனுக்கு. மக்காவின் ஷரீஃபே தன் பக்கம் வந்துவிட்டால் அந்த அறிவிப்பின் கூர் மழுங்கிவிடும்.

சரி, இந்தப் பேரத்தில் உளவுத் துறையின் பங்குக்கு வருவோம். 1915இல் துருக்கியின் கலிப்போலி தீபகற்பத்தில் பிரிட்டிஷ் படை திணறிக்கொண்டிருந்தபோது, துருக்கிப் படையிலிருந்து ஓர் இளம் அதிகாரி தப்பி வந்தார். மோசூல்காரர், பெயர் முகமது ஷரீஃப் அல்-ஃபாரூக்கி. கெய்ரோ உளவுப் பிரிவின் தலைவர் கில்பர்ட் கிளேட்டனிடம் அவர் சொன்னது இதுதான்: அரபு அதிகாரிகளின் ரகசியச் சங்கங்கள் எழுவதற்குத் தயாராக இருக்கின்றன, நீங்கள் உடனே வாக்குக் கொடுக்காவிட்டால் அவை ஜெர்மனி பக்கம் சாய்ந்துவிடும். சங்கங்கள் இருந்தது உண்மை. அவற்றின் பலத்தைத்தான் அவர் ஊதிப் பெருக்கிவிட்டார். கிளேட்டன் நம்பினார். சில வாரங்களில் அந்தப் பேச்சு ஒரு பேரரசின் வாக்குறுதியாகிவிட்டது.

அதுதான் 1915 அக்டோபர் 24 கடிதம். அரபு விடுதலையை ஏற்கிறோம், ஆனால் டமாஸ்கஸ், ஹோம்ஸ், ஹமா, அலெப்போ வட்டாரங்களுக்கு மேற்கே இருக்கும் சிரியப் பகுதிகள் அதில் சேராது என்றது அந்தக் கடிதம். இந்த 'வட்டாரம்' அரபியில் போனபோது 'விலாயத்' ஆகிவிட்டது. அந்தக் காலத்து இந்துஸ்தானியில் இங்கிலாந்தைக் குறித்த அதே சொல். அரபியில் அதை ஊரின் சுற்றுவட்டாரம் என்றும் கொள்ளலாம். துருக்கி நிர்வாகத்திலோ அதற்குப் பொருள் மாகாணம்.

வரைபடத்தை விரித்து நான்கு ஊர்களிலும் விரல் வையுங்கள். ஊர் என்று எடுத்தால் மேற்கே இருப்பது லெபனான் கடற்கரையும் அதற்கு வடக்கும்தான். பாலஸ்தீனம் தெற்கே தள்ளி இருக்கிறது, விலக்கில் வராது. மாகாணம் என்று எடுத்தால், டமாஸ்கஸைத் தலைநகராகக் கொண்ட மாகாணம் தெற்கே அகபா பக்கம் வரை நீள்கிறது. அப்போது ஜெருசலேம் அதற்கு மேற்கே வந்துவிடும். 1922இல் காலனி அமைச்சராக இருந்த சர்ச்சில், பாலஸ்தீனம் வாக்குறுதியில் சேராது என்று காட்ட இந்த இரண்டாவது பொருளைத்தான் பிடித்துக்கொண்டார். ஆனால் ஹோம்ஸ், ஹமா பெயரில் மாகாணமே கிடையாது. அலெப்போ மாகாணத்துக்கு மேற்கே கடல்தான். ஒரே வரியில் ஒரே சொல் முதல் பெயருக்கு மட்டும் மாகாணம், மற்றவற்றுக்கு ஊரா? எத்தனை தடவை படித்தாலும் என் மனம் ஒப்பவில்லை.

கை தவறி விழுந்த சொல் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் 1915 டிசம்பரில் மக்மஹோன் இந்திய வைஸ்ராய் ஹார்டிங்குக்கு எழுதியிருக்கிறார். இந்தப் பேச்சுவார்த்தை நம் கைகளைக் கட்டிவிடும் என்று தான் நினைக்கவில்லை, இப்போதைய வேலை அரபுகளை எதிரியிடமிருந்து பிரித்து நம் பக்கம் இழுப்பது என்பது அதன் சாரம். அப்புறம் 1916 மே மாதம், கிளர்ச்சி தொடங்குவதற்கு முன்பே, பிரிட்டனும் பிரான்சும் சைக்ஸ்-பிகோ என்ற ரகசிய ஒப்பந்தத்தில் அந்த நிலத்தைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டன. 1917 நவம்பரில் ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகள் அதை அச்சில் போட்டார்கள். இதை ஏமாற்று என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

தங்கம் பற்றிக் கேட்டீர்கள். உண்மைதான். ஜூன் 6 அன்று ஹிஜாஸ் கடற்கரைக்கு வந்த பிரிட்டிஷ் அதிகாரிகள், ஹுசைனின் கடைசி மகன் ஜைதிடம் 10,000 பவுனைத் தங்க நாணயமாகக் கொடுத்தார்கள். பிறகு அது மாதம் 1,25,000 பவுனானது. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்னால், மே 6 அன்று, சிரியாவில் துருக்கியின் ஆளுநராக இருந்த ஜமால் பாஷா பெய்ரூட்டிலும் டமாஸ்கஸிலும் அரபுத் தேசியவாதிகள் 21 பேரை நடுச் சதுக்கத்தில் தூக்கிலிட்டிருந்தான். ஹுசைனின் மகன் ஃபைசல் மன்றாடியும் பலனில்லை. அந்தக் கோபம் யாரும் விலைக்கு வாங்கியதல்ல. ஹஜ் யாத்திரிகர் வரவை நம்பியே வாழ்ந்த ஹிஜாஸில் போரால் அந்த வருமானமும் படுத்துவிட்டது. தானியமும் துப்பாக்கியும் கடல் வழியாகத்தான் வரவேண்டும், கடலோ பிரிட்டன் கையில். அதே போரில் பிரான்சுக்கும் ரஷ்யாவுக்கும் பிரிட்டன் கோடிக்கணக்கில் கடன் கொடுத்தது. அவர்களை யாரும் கூலிக்குச் சண்டை போட்டவர்கள் என்பதில்லை.

ஹுசைனை நான் உத்தமர் என்று சொல்லவில்லை. கடைசி வரை துருக்கியரிடமும் பேசிக்கொண்டிருந்தவர் அவர். சிரியர்களும் ஈராக்கியரும் தன்னை ஏற்பார்களா என்று பார்க்காமலே 'அரபுகளின் அரசர்' என்று பட்டம் சூட்டிக்கொண்டார். 1924இல், பின்னாளில் சவுதி அரேபியாவை நிறுவிய இப்னு சவுதின் படை நெருங்கியபோது பதவி விலகினார். இந்தியாவின் பிரிட்டிஷ் அரசு அணைத்து வளர்த்த இப்னு சவுதுக்கும் அதே போரில் மாதம் 5,000 பவுன் போய்க்கொண்டிருந்தது.

ஹுசைன் 1931இல் இறந்தார். கடிதங்களை பிரிட்டிஷ் அரசு அதிகாரபூர்வமாக வெளியிட்டது 1939இல். பாலஸ்தீன மக்களின் விருப்பத்தைப் பார்க்காமல் அந்த நிலத்தைக் கைமாற்றும் உரிமை தங்களுக்கு இருக்கவில்லை என்று பிரிட்டிஷ் தரப்பே அப்போது ஒப்புக்கொண்டது. அதற்குள் ஹுசைனை ஜெருசலேமில் அடக்கம் செய்து எட்டு வருடமாகியிருந்தது.