டாகன்ஹாம் பக்கத்து வீட்டுக்காரர்: விற்கிறதா, பேசுறதா?

லண்டனின் கிழக்கே டாகன்ஹாமில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பார்சலை வாங்கி வைக்கிறார், குப்பை எடுக்கும் நாளில் உங்கள் தொட்டியையும் சேர்த்து இழுத்து வைக்கிறார், ஆனால் அவர் ஜன்னலில் குடியேற்றத்தை எதிர்க்கும் ரிஃபார்ம் கட்சியின் போஸ்டர், வீட்டை விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விற்காதீர்கள். ஒரு போஸ்டருக்காகவா?

நானும் அந்தப் பேட்டையில் இருந்தவன்தான். அவர் தலைமுறைக்கு அங்கிருந்த ஃபோர்டு கார் தொழிற்சாலைதான் சோறு போட்டது. ஒரு காலத்தில் 40,000 பேர் வேலை பார்த்த இடம், 2002இல் கார் தயாரிப்பே நின்றுபோனது. வாடகைக்கு இருப்பவர்களே கவுன்சில் வீட்டை (உள்ளாட்சி வாடகைக்கு விடும் வீட்டை) வாங்கிக்கொள்ளலாம் என்ற 1980 சட்டத்துக்கு அப்புறம் அந்த வீடுகள் மளமளவென்று விற்றுப்போயின, விற்ற அளவுக்குப் புதிதாகக் கட்டவில்லை. மகளுக்கு வீடு கிடைக்காத அப்பாவுக்கு அந்தச் சட்டமா கண்ணில் படும், எதிர் வீட்டு வாசலில் சாமான் இறக்கும் வேன்தான் படும். பார்க்கிங்-டாகன்ஹாம் வட்டாரத்தில் 2001இல் 100க்கு 81 பேர் வெள்ளை பிரிட்டிஷார், பத்தே வருஷத்தில் 49. இந்த வேகம் யாருக்கும் தலைசுற்றும் (நம் தமிழ் ஆட்களே பக்கத்து ஈஸ்ட்ஹாமில் புதிதாக வருகிறவர்களைப் பற்றிப் புலம்பவில்லையா?).

2006இல் அங்கே குடியேறிகளை எதிர்த்த தீவிர வலதுசாரிக் கட்சியான பிஎன்பிக்கு (பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டி) 12 கவுன்சிலர்கள். 2010இல் ஒருவர்கூட இல்லை. நடுவில் நிறையப் பேர் கதவு கதவாகத் தட்டிப் பேசினார்கள்.

அதனால் போஸ்டரைப் பற்றி எடுக்காதீர்கள். ஃபோர்டில் எந்தப் பிரிவில் இருந்தீர்கள் என்று கேளுங்கள், அரைமணி நேரம் போவதே தெரியாது. உங்கள் பிள்ளைகளை ஏதாவது சொன்னால் மட்டும் சும்மா விடாதீர்கள், அன்றைக்கே முகத்துக்கு நேரே கேட்டுவிடுங்கள்.