ஆற்றோட்டமும் படகுப் பெட்ரோலும்: தெலுக் இந்தானிலிருந்து கேள்வி பதில்

தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் பழைய ஃபைபர் படகு வாங்கி மலேசியாவின் பேராக் ஆற்றில் மீன் பிடிக்கப் போகிறார்கள். அவர்கள் கேட்டதற்கெல்லாம் என் பதில்.

அண்ணே, போகும்போது ஆன பெட்ரோலை விட திரும்பும்போது அதிகம் ஆகிறதே, இன்ஜின் கோளாறா?

இல்லை தம்பி. இன்ஜின் பெட்ரோல் குடிப்பது மணிக்கணக்கில், கிலோமீட்டர் கணக்கில் இல்லை. படகு தண்ணீரில் மணிக்கு 20 கிலோமீட்டர், ஆற்றோட்டம் 4 என்று வைத்துக்கொள். ஓட்டத்தோடு போனால் கரையைப் பொறுத்து 24, எதிர்த்தால் 16. இருபத்து நான்கு கிலோமீட்டர் கீழே போக 1 மணி நேரம், மேலே வர ஒன்றரை. மணிக்கு 12 லிட்டர் என்றால் போக 12, வர 18.

அப்படியென்றால் போக வர ஈடாகிவிடுமே?

ஆகாது. ஓட்டமே இல்லாவிட்டால் 28.8 லிட்டர் போதும், இப்போது 30. சின்ன வித்தியாசம்தான். ஆனால் படகின் வேகம் வெறும் 8 என்றால் கணக்கு தலைகீழ்: கீழே 2 மணி நேரம், மேலே 6. மொத்தம் 8, ஓட்டம் இல்லாவிட்டால் 6. மெதுவான படகுக்காரர்தான் ஓட்டத்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டும்.

ஐயா, ஜிபிஎஸ்-இல் தெரியும் வேகம் எது?

தரையைப் பொறுத்த வேகம். எவ்வளவு நேரத்தில் வீடு சேர்வோம் என்பதற்கு அதையே நம்பலாம்.

எந்த நேரம் கிளம்பலாம்?

வற்றில், அதாவது கடல் நீர் இறங்கும்போது, ஆற்றில் கீழே இறங்கி, பெருக்கில், அதாவது கடல் நீர் ஏறும்போது, மேலே ஏறுங்கள். மலாய்க்காரர் சொல்லும் சுருட், பாசாங் அதுதான். நம் பக்கம் ஒரு நாளைக்கு இரண்டு பெருக்கு, இரண்டு வற்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் கடுமையாக இருக்கும். பாகான் டத்தோ முகத்துவாரத்தில் பெருக்கு தொடங்கினாலும் ஆற்றின் மேலே வந்து சேரத் தாமதமாகும், அதனால் கடலோர அட்டவணையை அப்படியே வைத்துக் கிளம்பாதீர்கள். மேலே மழை பெய்திருந்தால் வற்று நீளும், பெருக்கு குறுகும். அப்புறம் மரக்கட்டைகளும் மிதந்து வரும். கண்ணை ஆற்றிலேயே வையுங்கள்.

ஓட்டத்தின் வேகத்தை எப்படி அளப்பது?

நனைந்த தேங்காய் மட்டை ஒன்று போதும். பாதி மூழ்கி மிதப்பதால் காற்று அதை அவ்வளவாகத் தள்ளாது. படகுத்துறையில் 6 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு கம்பங்களைப் பார்த்துக்கொண்டு, மேல் கம்பத்துக்குச் சற்று முன்னால், ஓட்டம் வரும் பக்கத்தில் மட்டையைப் போடுங்கள். மேல் கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்கி, கீழ்க் கம்பத்தைத் தொடும்போது நிறுத்துங்கள். 6 விநாடி ஆனால் மணிக்கு 3.6 கிலோமீட்டர். நடு ஆற்றில் இதைவிட வேகம் கூடுதலாக இருக்கும். எதிர்த்து வரும்போது வளைவின் உள்பக்கம் ஓட்டம் குறைவு, ஆனால் அங்கே மணல் மேடு ஏறியிருக்கும், இன்ஜினின் காற்றாடி (புரொப்பெல்லர்) தட்டாமல் பாருங்கள்.

டேங்க் எவ்வளவு நிரப்ப?

மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. எதிரோட்டத்தில் திரும்புவதாக இருந்தால் வரும் பங்கைக் கூட்டிப் போடுங்கள், கையிருப்பில் கை வைக்காதீர்கள்.