லேப்டாப்பில் திறக்கும் மெமரி கார்டு அர்டுயினோவில் ஏன் திறக்கவில்லை?

காளான் குடிலில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பதிவு செய்ய, அர்டுயினோ என்ற நிரல் எழுதி ஓட்டும் சின்ன போர்டை வைத்து ஒரு கருவி கட்டிக்கொண்டிருக்கும் வாசகர் கேட்கிறார்: “அர்டுயினோ ஊனோ ஆர்3, டிஎச்டி22 சென்சார், 0.96 அங்குல ஓலெட் திரை, நீல நிற மைக்ரோ எஸ்டி மாட்யூல் வைத்திருக்கிறேன். சீரியல் மானிட்டரில் ‘இனிஷியலைசேஷன் ஃபெயில்டு’ என்றே வருகிறது. எப்போதாவது ஒரு தடவை வேலை செய்யும், அப்புறம் நின்றுவிடும். கார்டு 64 ஜிபி, லேப்டாப்பில் போட்டால் நன்றாகத் திறக்கிறது. 5 வோல்ட் கொடுத்தால் கார்டு கருகிவிடும் என்று படித்ததால் மாட்யூலை 3.3 வோல்ட் பின்னில்தான் இணைத்திருக்கிறேன். லைப்ரரியை (கார்டைக் கையாளும் ஆயத்த நிரலை) மாற்றியும் பார்த்துவிட்டேன். அடுத்து என்ன செய்வது?”

லைப்ரரியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கோளாறு பெரும்பாலும் அந்த 3.3 வோல்ட் வயரில்தான் இருக்கிறது.

நீங்கள் படித்தது தப்பில்லை. எஸ்டி கார்டுக்கு 2.7 முதல் 3.6 வோல்ட் வரைதான் கொடுக்கலாம், நேராக 5 வோல்ட் கொடுத்தால் கெட்டுப்போகும். ஆனால் நீங்கள் 5 வோல்ட் கொடுக்கப்போவது கார்டுக்கு இல்லை, மாட்யூலுக்கு. கடைகளில் கிடைக்கும் நீல மாட்யூல்களில் பெரும்பாலானவற்றில் ஏஎம்எஸ்1117 என்ற ரெகுலேட்டர் இருக்கும். ஒரு பக்கம் மூன்று கால், எதிர்ப்பக்கம் அகலமான ஒரு தகடு, கறுப்பு உடல், பார்த்தாலே தெரியும். 5 வோல்ட்டை 3.3 ஆக இறக்கிக் கார்டுக்குக் கொடுப்பது அதன் வேலை. இறக்குவதற்கு அதற்குத் தோராயமாக 1 வோல்ட் இடைவெளி வேண்டும். நீங்கள் உள்ளேயே 3.3 கொடுத்தால் கார்டுக்குப் போய்ச் சேருவது 2.2, 2.3 அளவுதான், அதாவது கார்டுக்குத் தேவையான குறைந்தபட்ச அளவுக்கும் கீழே. சில கார்டுகள் அந்த மின்னழுத்தத்திலும் எப்படியோ எழுந்து பதில் சொல்லிவிடும், எழுதத் தொடங்கியதும் படுத்துவிடும். எப்போதாவது வேலை செய்கிறது என்கிறீர்களே, அது இதனோடு சரியாகப் பொருந்துகிறது.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், மல்டிமீட்டரை எடுங்கள். கார்டைச் செருகி, கருவிக்கு மின்சாரம் கொடுத்து, கறுப்பு முனையை ஜிஎன்டி (கிரவுண்ட்) பின்னிலும் சிவப்பு முனையை ரெகுலேட்டரின் அந்த அகலமான தகட்டிலும் வையுங்கள் (ஏஎம்எஸ்1117-இல் அந்தத் தகடுதான் வெளியீடு). பக்கத்துக் காலில் முனை பட்டு ஷார்ட் ஆகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 3.3 அருகில் காட்டினால் சரி, 2.7-க்குக் கீழே என்றால் விடை கிடைத்துவிட்டது: மாட்யூலின் விசிசி (மின்சாரம் உள்ளே போகும்) வயரைக் கழற்றி ஊனோவின் 5 வோல்ட் பின்னில் போடுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்றை உறுதி செய்தாக வேண்டும். ரெகுலேட்டரே இல்லாத, வெறும் சாக்கெட்டும் நாலைந்து ரெசிஸ்டரும் மட்டும் உள்ள சின்ன மாட்யூல்களும் விற்கிறார்கள். அவை ஈஎஸ்பி32 போன்ற 3.3 வோல்ட் போர்டுகளுக்கானவை. உங்களுடையது அந்த வகை என்றால் 5 வோல்ட்டில் போட்ட நொடியே கார்டு போய்விடும். விசிசி மட்டுமல்ல, ஊனோவின் சிக்னல் பின்களும் 5 வோல்ட் என்பதால் மோசி (கார்டுக்குப் போகும் தகவல்), எஸ்சிகே (கடிகாரத் துடிப்பு), சிஎஸ் (கார்டைக் கூப்பிடும் கோடு) மூன்றுக்கும் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டரோ, 1 கே, 2 கே ரெசிஸ்டர் ஜோடியோ போட்டு 3.3-க்கு இறக்க வேண்டும். மிசோ கார்டிலிருந்து வருவது, அதற்குத் தேவையில்லை. ரெகுலேட்டர் உள்ள நீல மாட்யூலில் பொதுவாக இதற்கென்றே 74எல்விசி125 போன்ற ஒரு 14 கால் சிப் இருக்கும், தனியாக எதுவும் வேண்டாம்.

லேப்டாப்பில் திறக்கிறதே என்று கேட்டீர்கள். அது கார்டு உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. லேப்டாப் தன் சொந்த, சுத்தமான 3.3 வோல்ட்டைக் கொடுத்து, பொதுவாக நான்கு டேட்டா கோடுகளில் கார்டின் இயல்பான முறையில் பேசுகிறது. ஊனோவோ எஸ்பிஐ முறையில், போக ஒரு கோடு வர ஒரு கோடு என்று பேசுகிறது, அதுவும் பிரெட்போர்டு வழியாக. இடையில் உள்ள வயர், மின்சாரம், பின் எண் எதைப் பற்றியும் லேப்டாப்பால் ஒன்றும் சொல்ல முடியாது.

மின்னழுத்தம் சரியான பிறகும் அதே செய்தி வந்தால் வயர்களைப் பாருங்கள். ஊனோவில் மோசி 11, மிசோ 12, எஸ்சிகே 13, இவை மாறாது. சிஎஸ் மட்டும் நம் விருப்பம், வழக்கமாக 10. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: உதாரண ஸ்கெட்ச்கள் (அர்டுயினோ நிரல்கள்) பலவற்றில் சிஎஸ் எண் 4 என்று எழுதியிருக்கும், ஊனோ மேல் செருகும் ஈதர்நெட் ஷீல்ட் என்ற நெட்வொர்க் போர்டில் கார்டுக்கு அந்தப் பின்தான் என்பதால். வயரை 10-இல் செருகிவிட்டு ஸ்கெட்சில் 4-ஐ அப்படியே விட்டால் கார்டை யாரும் கூப்பிடவே மாட்டார்கள். அப்புறம் நீளமான ஜம்பர் வயர்கள். 10 சென்டிமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், சோதித்து முடிந்ததும் சால்டர் செய்துவிடுங்கள். குடிலின் ஈரத்தில் பிரெட்போர்டு தொடர்புகள் நாள்பட நிற்காது.

இன்னொன்று, ஊனோவின் ரீசெட் பட்டனை அழுத்தினால் ஊனோ மட்டும்தான் புதிதாகத் தொடங்கும், கார்டுக்கு மின்சாரம் நிற்பதில்லை. பாதி எழுதும்போது மாட்டிக்கொண்ட கார்டு அதே நிலையில் இருக்கும், அடுத்த முயற்சியும் தோற்கும். அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் யூஎஸ்பி கேபிளை உருவி, சில நொடி விட்டு மறுபடி செருகுங்கள். இதைச் செய்யாமல் எடுக்கும் முடிவுகள் ஆளைக் குழப்பிவிடும்.

உங்கள் ஸ்கெட்சை வைத்துச் சோதிக்காதீர்கள். எஸ்டி லைப்ரரியோடு வரும் ‘கார்ட்இன்ஃபோ’ உதாரணத்தை, சிஎஸ் எண்ணைத் திருத்தி ஏற்றுங்கள். கோளாறு எந்தப் படியில் என்று அதுவே பிரித்துக் காட்டும். இனிஷியலைசேஷன் தோற்றால் மின்சாரம் அல்லது வயர். கார்டு வகையைச் சொல்லிவிட்டு, ஃபேட்16 அல்லது ஃபேட்32 (கார்டில் கோப்புகளை அடுக்கும் முறைகள்) பார்ட்டிஷன் கிடைக்கவில்லை என்றால் வயரெல்லாம் சரி, ஃபார்மட்தான் பிரச்சினை. உங்கள் 64 ஜிபி கார்டில் அடுத்து இதைத்தான் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் வருகின்றன, அர்டுயினோவின் எஸ்டி லைப்ரரி அதைப் படிக்காது. எக்ஸ்ஃபேட் தெரிந்த எஸ்டிஃபேட் லைப்ரரி இருக்கிறது, ஆனால் ஊனோவின் சின்ன நினைவகத்தில் அதற்கும் இடம் கொடுப்பதைவிட 8 அல்லது 16 ஜிபி கார்டு ஒன்றை வாங்கி, எஸ்டி அசோசியேஷனின் இலவச ஃபார்மட்டர் மென்பொருளால் ஃபார்மட் செய்வதே மேல். நிமிடத்துக்கு ஒரு வரி என்றால் ஒரு வருடத்துக்கு 5 லட்சத்து 25 ஆயிரத்து 600 வரிகள், வரிக்கு 30 பைட் வைத்தாலும் 16 எம்பி கூட ஆகாது. 64 ஜிபிக்கு இங்கே வேலையே இல்லை. வாங்கிய கார்டில் சந்தேகம் இருந்தால் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 ஓட்டிப் பாருங்கள், கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிக் கார்டுகள் பிடிபடும்.

கோப்பின் பெயரையும் கவனியுங்கள். இந்த லைப்ரரியில் பெயர் எட்டு எழுத்துக்குள், புள்ளிக்குப் பின் மூன்று எழுத்துக்குள் இருக்க வேண்டும். நீளமாக வைத்தால் கார்டு திறக்கும், கோப்பு திறக்காது.

இதையெல்லாம் தாண்டி வந்த பின் உங்களுக்கு ஓலெட் தொல்லை காத்திருக்கிறது. ஊனோவின் ரேம் 2048 பைட்தான். எஸ்டி லைப்ரரி ஒரு செக்டாருக்கு 512 பைட் ஒதுக்கிக்கொள்ளும். 128×64 திரைக்கு அடாஃப்ரூட்டின் எஸ்எஸ்டி1306 லைப்ரரி 1024 பைட் கேட்கும். மீதி 512, அதில்தான் சீரியல், சென்சார், உங்கள் மாறிகள், சொற்கள் எல்லாம். கார்டு தனியாக ஓடும், திரை தனியாக ஓடும், இரண்டையும் சேர்த்தால் திரை கறுப்பாகிவிடும் அல்லது ஊனோ தானாகவே மறுபடி மறுபடி தொடங்கும். இது வயர் கோளாறு மாதிரியே தெரியும், வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவதில் பயனில்லை. யூ8ஜி2 லைப்ரரியில் யூ8எக்ஸ்8 என்ற, எழுத்து மட்டும் காட்டும் முறை இருக்கிறது, அதற்குத் திரை முழுவதற்குமான பஃபர் (ரேமில் ஒதுக்கும் இடம்) தேவையில்லை. வெப்பமும் ஈரப்பதமும் காட்ட அது தாராளம். அச்சிடும் நிலையான சொற்களை எஃப் மேக்ரோவுக்குள், அதாவது F( ) அடைப்புக்குள், போட்டால் அவை ரேமுக்கு வராமல் நிரல் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்திலேயே இருக்கும்.

குடிலில் வைத்த பிறகு வரக்கூடியது மின்தடை. நீங்கள் எழுதும் வரிகள் உடனே கார்டுக்குப் போவதில்லை, 512 பைட் சேரும்வரை ரேமில் காத்திருக்கும். கோப்பின் அளவும் ஃப்ளஷ் (காத்திருப்பதை உடனே கார்டில் எழுதச் சொல்லும் கட்டளை) அல்லது குளோஸ் செய்யும்போதுதான் கார்டில் பதிவாகும். இரண்டுமே செய்யாமல் நாள் முழுக்க ஓடவிட்டு மின்சாரம் போனால், கோப்பு இருக்கும், அளவு பூஜ்யம் என்று காட்டும். நிமிடத்துக்கு ஒரு பதிவுதான் என்பதால் ஒவ்வொரு வரிக்குப் பிறகும் ஃப்ளஷ் செய்யுங்கள், தயங்க வேண்டாம். எழுதும் நேரத்தில் கார்டு 100 மில்லி ஆம்பியர் வரை இழுக்கலாம் (ஊனோ ஆர்3-இன் 3.3 வோல்ட் பின்னுக்கு வரம்பே 50 என்பதால் அந்தப் பின் எப்படியும் ஆகாது), அதனால் மாட்யூலின் விசிசிக்கும் ஜிஎன்டிக்கும் நடுவே, முடிந்த அளவு அருகில், ஒரு 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியைப் போட்டுவிடுங்கள். துருவம் பார்த்துப் போடுங்கள்.

முதலில் தகட்டில் வோல்ட்டேஜ், பிறகு சிஎஸ் எண், பிறகு சின்ன கார்டு. இந்த வரிசையில் ஒன்றை மாற்றி, ஒரு தடவை சோதித்து, அப்புறம்தான் அடுத்தது. அதன் பிறகும் திறக்காவிட்டால் மல்டிமீட்டர் காட்டிய எண்ணையும், கார்ட்இன்ஃபோ அச்சிட்ட முழு வரிகளையும், மாட்யூலின் இரு பக்கப் படங்களையும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.